வாங்கியவரிடமிருந்து தொடங்குங்கள்: சிறுதொழிலும் சமூக ஊடகமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ வரலாறோ பேசுவதுதான் வழக்கம். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் வேறொன்று கேட்டார்கள். "இது எங்கள் அப்பா கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த பணம். கல்லாவில் உட்காருகிறவர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்றார்கள். அந்த விருப்பத்தை மதித்துத்தான் இன்றைய தலைப்பைத் தேர்ந்தேன். சொந்தமாகச் சிறுதொழில் செய்கிறவர், கையில் ஒரு ஸ்மார்ட்போன் மட்டும் வைத்துக்கொண்டு, சமூக ஊடகத்தில் எங்கிருந்து தொடங்குவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து தொடங்குங்கள். முகம் தெரியாத லட்சம் பேரைத் தேடிப் போவது பிறகு. இந்தப் பேச்சு முழுவதும் அந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

தூரத்தில் இருப்பவருக்குப் பொருள் விற்பது நமக்குப் புதிய வித்தை இல்லை. இந்திய அஞ்சல் துறை 1877இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பார்சல் தபாலில் போகும். தபால்காரர் வீட்டு வாசலில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். பணம் விற்றவருக்கு வந்து சேரும். இன்று கேஷ் ஆன் டெலிவரி என்று சொல்கிறோமே, அதுவும் இதே முறைதான். பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். கைக்கடிகாரம், லேகியம், தைலம், நாவல், சோதிடப் புத்தகம் என்று வி.பி.பி. விளம்பரங்கள் நிறைந்திருக்கும். 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன், விளம்பரத் தொழிலிலும் தபால் வழி விற்பனையிலும் பழகியவர். அந்தக் கால விளம்பரங்களில் ஒரு நேர்மை உண்டு. பொருளின் பெயர், விலை, தபால் செலவு உட்படவா தனியா, எழுத வேண்டிய முகவரி எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலை பற்றிப் பேசும்போது மறுபடி வருகிறேன்.

இன்னொரு வரலாறு கடலூரில் தொடங்குகிறது. சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஷாம்பூ போட்டுக் குளித்தே பழக்கமில்லாத கிராமங்களில் அதை விற்றாக வேண்டும். செய்தித்தாள் விளம்பரம் அங்கே எடுபடாது. ஊர்க்காரர்கள் கூடியிருக்கும்போது ஒரு பையனை முன்னால் உட்காரவைத்து, ஷாம்பூ போட்டுத் தலை அலசிக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்களைக் கூப்பிட்டு அந்த முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சந்தையில் இதைவிடப் பெரிய பேச்சு வேண்டியதில்லை. கண்ணெதிரே செய்து காட்டினால் நம்பிக்கை வந்துவிடும்.

தபாலில் விற்பது ஒன்று, கண்ணெதிரே செய்து காட்டுவது இன்னொன்று. இரண்டும் ஒரே கருவிக்குள் வந்தது 2016க்கும் 2020க்கும் நடுவில்தான். 2016இல் யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் தரைக்கு இறங்கியது. 2018 தொடக்கத்தில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்தியாவுக்கு வந்தது. 2020 ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. காட்டுவது, விலை பேசுவது, பணம் வாங்குவது, அனுப்பிவிட்டுத் தகவல் சொல்வது எல்லாமே இப்போது உள்ளங்கை அகலத்தில் நடக்கின்றன. கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. எந்தத் தொழிலுக்கு எது வேண்டும் என்று பிரித்தறிவதில்தான் தடுமாற்றம்.

டூவீலர் மெக்கானிக், தையல்காரர், ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, டிபன் கடை நடத்துபவர் ஆகியோருக்கு ரீல்ஸ் எடுப்பது முதல் வேலை இல்லை. அவர்களைத் தேடுகிறவர் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நிற்கிறார். வண்டி பஞ்சராகி நிற்கிற ஆள் இன்ஸ்டாகிராமையா திறப்பார்? கூகுள் மேப்பைத்தான் திறப்பார். அதில் உங்கள் கடை இருக்க வேண்டும், தொலைபேசி எண் சரியாக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும், கடை முகப்பின் படம் இருக்க வேண்டும். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற அந்தப் பதிவுக்குக் காசு கிடையாது. கடை உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தச் சொல்வார்கள், பெயர்ப் பலகையையும் கடையின் உட்புறத்தையும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்வதும் உண்டு. பொறுமையாகச் செய்துவிடுங்கள். பெயரைத் தமிழிலும் போடுங்கள். திருப்தியாகப் போகிற வாடிக்கையாளரிடம் "ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தெருவில் கடை வைத்திருப்பவர் இதை முடித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும் என்பேன்.

வீட்டிலிருந்தே பொருள் செய்து விற்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. பெரும்பாலும் பெண்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் வடகம், அப்பளம், பருப்புப்பொடி செய்து விற்கும் ஓர் அம்மாவின் தொடக்கத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. அதில் பெயர்கள் பெயர்களாகவே இருக்காது. "ரேஷன் கடை எதிர் வீடு", "டீச்சரம்மா", "டீச்சரம்மா தங்கச்சி", "சிவகாசி ஆச்சி" என்று இருக்கும். பக்கத்தில் போன் நம்பர், வாங்கிய பொருள், பாக்கி. அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இவருக்கு மார்க்கெட்டிங் சொல்லித்தர வேண்டியதே இல்லை, நோட்டில் இருப்பதைப் போனுக்கு மாற்றினால் போதும் என்று.

அப்படித்தான் செய்தார். தொழிலுக்கென்று தனி சிம் வாங்கினார். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டுக்கொண்டார். நோட்டில் உள்ள ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டார். "அக்கா, வடகம் போடுற நான்தான் பேசுறேன். இது புது நம்பர். பேர் போட்டு சேவ் பண்ணி வச்சுக்கோங்க. வடகம் காயப்போட்டா தகவல் அனுப்புறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, அனுப்ப மாட்டேன்." இவ்வளவுதான் பேச்சு. இதில் இரண்டு நுட்பம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒரே செய்தி தனித்தனியாகப் போய்ச் சேரும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். சேமிக்காதவருக்கு நீங்கள் எத்தனை முறை அனுப்பினாலும் போகாது. ஆகவே "சேவ் பண்ணிக்கோங்க" என்ற வேண்டுகோள் வெறும் மரியாதைப் பேச்சு கிடையாது, வேலையின் முதல் படியே அதுதான். இரண்டாவது, அவர் சம்மதம் கேட்டார். சம்மதம் கேட்டு அனுப்பிய செய்தியை யாரும் பிளாக் செய்வதில்லை.

குரூப் ஆரம்பிக்கலாமே என்று அவர் மகன் சொன்னான். வேண்டாம் என்று நான் சொன்னேன். குரூப்பில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். பெண்கள் அதிகம் இருக்கும் வாடிக்கையாளர் வட்டத்தில் அது சரியில்லை. பிறகு காலை வணக்கம், கோயில் படம், அரசியல் வீடியோ எல்லாம் வந்து வடகம் அடியில் போய்விடும்.

அந்தச் செயலியில் உள்ள வசதிகளை அவர் தம் வீட்டு நடைமுறைக்கு ஏற்ற மாதிரிப் பழக்கிக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். கேட்டலாக் என்ற இடத்தில் 500 பொருள் வரை போடலாம். அவர் போட்டது பத்துக்குள்தான். ஒவ்வொன்றுக்கும் படம், எடை, விலை. லேபிள் என்ற வசதியில் "பணம் வரணும்", "பார்சல் போட்டாச்சு", "ருசி சொல்லணும்" என்று மூன்று பெயர் வைத்தார். மூன்றாவது லேபிள் என்னவென்று கேட்டேன். புதிதாக வாங்கியவரிடம் ஒரு வாரம் கழித்து உப்பு, காரம் எப்படி என்று கேட்பதற்காம். அப்பளம் இடும்போது கையெல்லாம் மாவு, போனை எடுக்க முடியாது. அதற்கு, தானாகப் பதில் போகும் அவே மெசேஜில் எழுதி வைத்திருந்தார்: "கையில் மாவு இருக்கு. சாயங்காலம் 5 மணிக்கு மேல பதில் சொல்றேன்." எந்த விளம்பர நிறுவனத்தாலும் இப்படி ஒரு வரி எழுதித் தர முடியாது. பதில் தாமதமாவதற்குக் காரணமும் சொல்லியாயிற்று, கையால் செய்கிற பொருள் என்பதும் சொல்லியாயிற்று.

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடகம் பிழிந்திருக்கும் படத்தைக் காலையில் ஸ்டேட்டஸில் வைப்பார். சாயங்காலம் அதே வேட்டியின் படம், காய்ந்து சுருங்கிய வடகத்தோடு. அவ்வளவுதான் விளம்பரம். ஐப்பசி மழையில் வடகம் போட முடியாது. அப்போது பொடி வறுக்கிற படம் வரும். ஆண்டின் பருவமே அவருக்கு என்ன பதிவிடுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டது. வெளியூர் விற்பனை எப்படி வந்தது தெரியுமா? டீச்சரம்மா அந்தக் கேட்டலாக்கைச் சென்னையில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார். மகள் தன் பிளாட்டில் இருக்கும் தோழிகளுக்கு அனுப்பினாள். பழைய வாடிக்கையாளர்தான் புதிய வாடிக்கையாளரைக் கூட்டிவந்தார். முதலில் ஒரு வரி சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

இப்போது பெரிய அளவில் நடப்பதைப் பார்ப்போம். சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊர் விசைத்தறிச் சேலைக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் வெளியூர் மொத்த வியாபாரிகள் நேரில் வந்து கட்டுக்கட்டாக வாங்கிப் போவார்கள். இன்று அங்குள்ள கடைகளின் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. கடைக்காரர் ஒவ்வொரு சேலையாக விரித்து, பார்டர், முந்தி, பிளவுஸ் பிட் காட்டி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். ஒற்றைச் சேலையானாலும் கூரியரில் போகிறது. இவர்களிடம் படம் வாங்கித் தம் வட்டத்தில் விற்கும் ரீசெல்லர் பெண்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். முதலே போடாமல், வீட்டை விட்டு நகராமல், சொந்தமாக ஒரு வருமானம். இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் இந்த வியாபாரத்தில் பரவியிருக்கும் இரண்டு பழக்கங்களைப் பற்றிக் கண்டிப்பாகவே பேச வேண்டும்.

ஒன்று, "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க", "பிரைஸ் டி.எம்." என்பது. ஏன் இப்படி என்று கேட்டால், நிறையப் பேர் கமெண்ட் போட்டால் பதிவு மேலே வரும் என்கிறார்கள். சிலர், போட்டியாளர் விலையைப் பார்த்துவிடுவார் என்கிறார்கள். போட்டியாளர் ஒரு நிமிடத்தில் வேறு எண்ணிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வார். நஷ்டம் யாருக்கு? 600 ரூபாய் கையில் வைத்துக்கொண்டு தங்கை கல்யாணத்துக்குச் சேலை தேடும் பெண்ணுக்கு. கேட்டு, 1,800 ரூபாய் என்று பதில் வந்தால் சங்கடப்பட வேண்டுமே என்று அவள் கேட்காமலே போய்விடுவாள். ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகமும் வரும். 80, 90 ஆண்டுகளுக்கு முந்தைய வி.பி.பி. விளம்பரத்தில் இருந்த விலை, இன்றைய பதிவில் இல்லாமல் போவது நமக்குப் பெருமை இல்லை. விலையை எழுதுங்கள். கூரியர் செலவு சேர்த்தா தனியா என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, "ஓபனிங் வீடியோ இல்லாமல் டேமேஜ் ஏற்கப்படாது" என்ற நிபந்தனை. விற்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதனால் நிபந்தனையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதைப் பணம் வாங்கிய பிறகு சொல்லக்கூடாது. பணம் போடும் முன்பே, தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் இருக்க வேண்டும். பார்சலின் மேலேயே "பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்" என்று ஒரு சீட்டு ஒட்டலாம். நீங்களும் பார்சல் கட்டும்போது சேலையைப் பிரித்துக் காட்டி ஒரு வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை வராது.

படம் எடுப்பது பற்றிச் சில வார்த்தைகள். விலை உயர்ந்த கேமரா, வட்ட விளக்கு எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை. காலை 8 மணிக்கு மேல், நேர் வெயில் விழாத வாசல் திண்ணை போதும். டியூப் லைட் வெளிச்சத்தில் அரக்கு நிறம் ஒரு மாதிரியும் பச்சை இன்னொரு மாதிரியும் விழும். பிறகு "படத்துல வேற கலர்" என்று திரும்பி வரும். சேலையைப் படமெடுத்தால் நூலின் பின்பக்கத்தையும் காட்டுங்கள். பாத்திரம் என்றால் அளவு தெரிய ஒரு கை இருக்கட்டும். வீடியோவில் முதல் மூன்று நொடிக்குள் பொருள் வந்துவிட வேண்டும். பெயர் சுழன்று வரும் முகப்பு, இசை, வணக்கம் எல்லாம் ஓடி முடிவதற்குள் பார்ப்பவர் விரல் தள்ளிவிடும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற இடத்தைப் பாருங்கள். வெல்லப்பாகில் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டித் தேய்த்து, சூடு ஆறும் முன் கத்தி போடுவார்கள். அந்தக் கத்தி இறங்குகிற சத்தத்திலேயே வீடியோ தொடங்கினால் போதும், வேறு இசை வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பிரபலமான திரைப்பாடல்கள் பலவற்றைப் பயன்படுத்த அனுமதி கிடையாது. உரிமை இல்லாமல் போட்டால் ஒலியை நிறுத்திவிடுவார்கள், சில சமயம் வீடியோவே போய்விடும். உங்கள் சொந்தக் குரலுக்கு யாரும் உரிமை கேட்க மாட்டார்கள். கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ, வீட்டில் பேசுகிறபடியே பேசுங்கள். மேடைத் தமிழும் வேண்டாம், எங்கோ பார்த்த ஆங்கில விளம்பர வாசகத்தைத் தமிழாக்கிச் சொல்வதும் வேண்டாம்.

செய்முறையைக் காட்டினால் ரகசியம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உடன்குடி கருப்பட்டியை நினைத்துப் பாருங்கள். வாங்குகிற எல்லோருக்கும் இருக்கிற ஒரே கேள்வி, "சீனி கலந்ததா?" இதற்கு வாயால் சொல்லும் எந்தச் சத்தியமும் போதாது. பனையேறி இறக்கிய பதநீர், பெரிய தாச்சியில் கொதித்துப் பாகாகி, சிரட்டையில் ஊற்றப்படும் வரை காட்டினால், அதுதான் பதில். கலப்படம் செய்கிறவரால் அந்த வீடியோவை எடுக்க முடியாது.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுவிடக் கூடாதவை. உண்ணும் பொருள் எதுவானாலும், வீட்டு அடுப்பில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டிலும் இருக்க வேண்டும், உங்கள் பக்கத்திலும் இருக்கட்டும். பாக்கெட் போட்டு விற்றால் எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, முகவரி, புகார் எண் ஆகியவை 2011ஆம் ஆண்டின் சட்ட அளவியல் விதிகளின்படி அச்சாக வேண்டும். மூலிகைப் பொடி, சத்துமாவு விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "சர்க்கரை நோய் தீரும்" என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது என்று சொல்லும் வீடியோவும் விளம்பரம்தான். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தந்தப் பகுதிக்கு வெளியே செய்ததற்கு அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பத் தொடங்கும் முன் உங்கள் கணக்காளரிடம் ஜி.எஸ்.டி. பற்றிக் கேளுங்கள். மாநிலத்துக்குள் விற்பவருக்கு உள்ள வரம்பு விலக்கு அங்கே அப்படியே பொருந்தாது.

காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. செய்யலாம், ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். கேட்டலாக் தயாராகி, பார்சல் கட்டும் முறை பழகி, வாங்கியவர்கள் சொன்ன நாலு நல்ல சொற்கள் உங்கள் பக்கத்தில் சேர்ந்த பிறகு, நாளுக்கு 100, 200 ரூபாயில் தொடங்குங்கள். உங்களால் பொருள் கொண்டுசேர்க்க முடிகிற ஊர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தைத் தொட்டால் நேராக உங்கள் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி வையுங்கள். புதிதாகப் பேசும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு நோட்டில் குறியுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டு சொல்வதை எந்த வரைபடமும் சொல்லாது.

பிரபலங்களைக் கூப்பிட்டு ரிவ்யூ வீடியோ எடுப்பது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 60 பேருக்குச் சமைக்கிற மெஸ்ஸுக்கு வீடியோ பார்த்துவிட்டு 300 பேர் வந்தால், தினமும் சாப்பிடுகிறவர் இடமில்லாமல் திரும்புவார், புதிதாக வந்தவர் காத்திருந்த கோபத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது தமிழர் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அவர்கள் தொழில் வீடியோ. உங்கள் தொழில் வடகம். பார்க்கிறவர் எண்ணிக்கையை வைத்து உங்களை நீங்களே எடை போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எச்சரிக்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலை ஒப்படைக்க வேண்டும். ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லிப் பெரிய ஆர்டர் கொடுத்து, முன்பணம் பெற ஒரு கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. கேட்டால் அது திருட்டு. உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறிவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும் என்று லிங்கோடு மிரட்டல் வந்தால் தொடாதீர்கள். மோசம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

இந்தத் தளங்கள் எவ்வளவு வசதியானாலும் அவை வாடகைக் கடைகள். இடம் நம்முடையது இல்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. காரணம் தேசப் பாதுகாப்பு. ஆனால் சிற்றூர்களிலிருந்து டிக்டாக்கில் பொருள் காட்டி வாடிக்கையாளர் சேர்த்தவர்களுக்கு, சேர்த்த கூட்டம் அத்தனையும் ஒரே இரவில் கலைந்தது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக முடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் எழவில்லை. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை என்பது பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் மாதம் ஒருமுறை தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வேறொரு இடத்தில் படியெடுத்து வையுங்கள். அந்த விருதுநகர் அம்மாவின் கணக்கு நோட்டு இன்னும் அவர் அலமாரியில்தான் இருக்கிறது.

வெளியில் தெரியாமல் நடக்கும் இழப்பு ஒன்று உண்டு. கடைப் பக்கத்தை அக்கா மகனோ, ஒரு டிசைனர் தம்பியோ தன் சொந்த ஈமெயிலில் தொடங்கிக் கொடுத்திருப்பார். அவர் வேலை கிடைத்து வெளியூர் போனதும், அல்லது மனஸ்தாபம் வந்ததும், ஆண்டுக்கணக்கில் சேர்த்த பக்கம் கைவிட்டுப் போய்விடும். கடைக்காரரிடம் கடவுச்சொல்லே இருக்காது. இப்படிப் பக்கத்தை இழந்து, முதலிலிருந்து தொடங்கியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் ஒரே ஒரு கடையை, அல்லது வீட்டிலிருந்து தொழில் செய்யும் ஒரே ஒரு அக்காவைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். கூகுள் மேப்பில் கடையைச் சேருங்கள், பத்துப் பொருளைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து விலையோடு ஏற்றுங்கள், பழைய நோட்டில் உள்ள எண்களைப் போனில் சேர்த்துக் கொடுங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். கணக்கை அவருடைய எண்ணிலும் அவருடைய ஈமெயிலிலுமே தொடங்குங்கள். கிளம்பும் முன் கடவுச்சொல்லை அவர் கைப்படவே ஒரு தாளில் எழுதி, பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.